ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ‘தானாக விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறது. இனி விபத்து நஷ்டஈடு கேஸ் போட முடியுமா?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

என் தம்பிக்கு 29 வயசு. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. வீடு கடலூர் முதுநகர், வேலை பெரும்பாலும் புதுச்சேரியில், தினம் பைக்கில் போய் வருவான். பதினெட்டு நாளுக்கு முன்னால் காலை ஏழரை மணி வாக்கில் கன்னியக்கோயில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரில் வந்த கார் இண்டிகேட்டர் எதுவும் போடாமல் சட்டென்று குறுக்கே ஒரு தெருவுக்குள் திரும்பியிருக்கிறது. இவன் நேராகப் போய் அதன் பக்கவாட்டில் மோதிவிட்டான். வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஹெல்பர் பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

கார்காரர் ஓடிப்போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, சாயந்திரம் வரை கூடவே இருந்து, கையில் 20,000 ரூபாயும் கொடுத்தார். என் அம்மா இன்றைக்கும் அவரை நல்ல மனுஷன் என்றுதான் சொல்கிறாள். மூன்றாம் நாள் உறவுக்காரர் ஒருவரோடு வந்து, எங்கள் மாமாவிடம் நூறு ரூபாய் பத்திரத்தில் ‘பணம் பெற்றுக்கொண்டோம், இனி போலீஸ், கோர்ட் என்று எதற்கும் போகமாட்டோம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமாவும் படித்துப் பார்க்காமலே போட்டுவிட்டார்.

இதுவரை பில் 1,85,000. நகையெல்லாம் அடகில். நேற்றுத்தான் ஏ.ஆர். காப்பி வாங்கிப் பார்த்தேன், அதில் ‘பைக் சறுக்கித் தானாக விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று இருக்கிறது! தம்பி வலியில் மயங்கிக் கிடந்திருக்கிறான், அவசரப் பிரிவு டாக்டரிடம் விவரம் சொன்னது கார்காரர்தான். போலீசுக்கு இன்னும் போகவில்லை. நம்ம பக்கத்து ஸ்டேஷனில் கேட்டால், நடந்தது புதுச்சேரி எல்லை, அங்கே போங்கள் என்கிறார்கள். மருத்துவமனை வாசலில் ஒருத்தர் வந்து ‘வக்காலத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மத்ததை நான் பார்த்துக்கிறேன், வருவதில் முப்பது பர்சென்ட்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி ஹெல்மெட் வேறு போடவில்லை.

கேஸ் போட முடியுமா? கடலூரிலா, புதுச்சேரியிலா?

முள்ளோடைக்காரன் எழுதியது:

முதலில் அந்த இருபதாயிரத்தைக் கொண்டுபோய் அவர் முகத்தில் எறிந்துவிட்டு வாருங்கள். பணம் வாங்கினால் கேஸ் நிற்காது. என் சித்தப்பா விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

பணத்தை எறியவெல்லாம் வேண்டாம். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும், எந்தத் தேதியில் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சிப்போனால் கடைசித் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். வக்கீல் ஆபீசில் இருபது வருஷமாக குமாஸ்தாவாக இருக்கிறேன், எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனுக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, கடைசியில் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பத்திரம். உங்கள் தம்பி மேஜர், அடிபட்டவர் அவர். அவர் போடாத கையெழுத்து அவரைக் கட்டாது, மாமா போட்டது மாமாவோடு. எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தைக் காட்டி ‘சமாதானமாகிவிட்டது’ என்று வாதாடும், ஆடட்டும். விசாரித்து நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், மோட்டார் வாகனச் சட்டம் 168-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

எல்லைத் தகராறு நம் ஊர்க்காரர்களுக்குப் புதுசா என்ன. ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடை வந்தால் புதுச்சேரி, பெட்ரோல் விலையே மாறிவிடும். ஆனால் 2024 ஜூலை 1-லிருந்து பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அங்கே அனுப்ப வேண்டும். இது பேச்சுக்கு. அலைச்சல் குறைய வேண்டுமென்றால் நேராகப் புதுச்சேரிப் பக்கம் போய்க் கொடுங்கள், அங்கே விபத்து வழக்கைப் போக்குவரத்துக் காவல் நிலையம் பார்க்கும். வாங்க மறுத்தால் புகாரை மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கோர்ட் விஷயம் அதைவிடச் சுலபம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு இரண்டாம் உட்பிரிவின்படி விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், இதில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். கடலூரிலேயே போடுங்கள். ராடு வைத்த காலோடு வாய்தாவுக்கு வாய்தா புதுச்சேரி பஸ் ஏற வேண்டியதில்லை. இரண்டுக்கும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றம்தான், அதனால் அதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த ஏ.ஆர். காப்பி. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அதைத்தான், ‘நீயே விழுந்துவிட்டு இப்போது காரை இழுக்கிறாய்’ என்று. மருத்துவமனையில் போய் அதைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், திருத்த மாட்டார்கள், திருத்தினால் இன்னும் சந்தேகம் வரும். அதற்குப் பதிலாக, புகாரிலேயே மூன்று விஷயம் வர வேண்டும்: டாக்டரிடம் விவரம் சொன்னது யார், தம்பி அப்போது எந்த நிலையில் இருந்தார், இத்தனை நாள் ஏன் தாமதம். தாமதம் மட்டுமே காரணமாக மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ரவி – பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது. வீட்டில் ஒருத்தன் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கும்போது யாரும் முதலில் ஸ்டேஷனுக்கு ஓட மாட்டார்கள், இது நீதிமன்றத்துக்கும் தெரியும். அதோடு இது கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்க அதிக வாய்ப்பு எதற்கு என்றுதான் பார்ப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள், அதே ஏ.ஆர். காப்பியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ‘அழைத்து வந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறது?

இன்னொன்று, பைக்கை ரிப்பேருக்கு விட்டுவிடாதீர்கள்! எஃப்.ஐ.ஆர். ஆனதும் மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டியையும் பார்த்து எங்கே எப்படிச் சேதம் என்று எழுதித் தருவார். பக்கவாட்டில் மோதியதற்கும் சறுக்கி விழுந்ததற்கும் சேதம் ஒரே மாதிரி இருக்காது.

மனு போடக் கெடு: விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த மாற்றம் இது, 166-வது பிரிவு மூன்றாம் உட்பிரிவு. காலக்கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது உண்மைதான், ஆனால் இடைக்காலம் என்பது இடைக்காலம்தான், அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். போலீசும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதையும் நம்ப வேண்டாம். ஊனச் சான்று வந்த பிறகு போடலாம் என்று பலர் காத்திருந்து ஏமாறுகிறார்கள், மனுவை முதலில் போட்டுவிட்டு மெடிக்கல் போர்டுக்கு அப்புறம் போகலாம்.

ஹெல்மெட்: அடி காலில். தலைக்கவசம் போட்டிருந்தால் கால் உடையாமல் இருந்திருக்குமா? அவ்வளவுதான் பதில்.

ஓ.டி. டிராவல்ஸ் எழுதியது:

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், டிரைவர் பக்கமிருந்து ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் சரியாக இருக்கிற எவனும் தன் கைக்காசு இருபதாயிரத்தைக் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்க மாட்டான். கம்பெனிதான் கட்டப் போகிறது, இவனுக்கு என்ன? ஸ்டேஷன் வேண்டாம் என்று ஒருத்தன் ஓடினால் ஒன்று இன்சூரன்ஸ் செத்திருக்கும், இல்லை லைசென்ஸ் இருக்காது, இல்லை ஓட்டினது வேறு ஆள். நல்ல மனுஷனாகவும் இருக்கலாம், அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று இன்றைக்கே பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விபத்துக்கு மறுநாள் புதுப்பித்திருந்தால் அதுவும் அதிலேயே தெரியும்.

அரியாங்குப்பம் அக்கா எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டுக்காரர் கேஸ் நாலு வருஷம் ஓடி முடிந்தது, அதனால் எழுதுகிறேன். 2019-ல் நடந்தது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுவார், முருங்கப்பாக்கம் பக்கம் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்து இடது தோள்பட்டை போய்விட்டது. அப்போது காலக்கெடு கிடையாது, நாங்கள் நிதானமாக ஒரு வருஷம் கழித்துத்தான் போட்டோம், உங்களுக்கு அந்த வசதி இல்லை.

எஃப்.ஐ.ஆர்.-ல் வேன் நம்பரில் ஒரு எண் மாற்றி எழுதியிருந்தது. ஒரே ஒரு எண். யாரும் கவனிக்கவில்லை. கோர்ட்டில் கம்பெனி ‘அந்த நம்பர் வண்டி எங்களிடம் இன்சூர் ஆகவே இல்லை’ என்று எதிர்வுரை போட்ட பிறகுதான் தெரிந்தது. குற்றப்பத்திரிகையில் சரியாக இருந்ததால் தப்பித்தோம், ஆனால் அதை விளங்க வைக்கவே எட்டு மாதம் போயிற்று. எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்த உடனே, அங்கேயே நின்று, நம்பர், தேதி, நேரம், இடம் நாலையும் விரல் வைத்துப் படியுங்கள்.

அப்புறம் குறுக்கு விசாரணை. கம்பெனி வக்கீல் ரொம்பப் பிரியமாக ‘இப்ப நல்லாயிருக்கீங்களா, வண்டியெல்லாம் ஓட்டுறீங்களா’ என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு ரோஷம், கோர்ட்டில் பத்துப் பேர் முன்னால் முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ‘ஓட்டுவேன் சார்’ என்றார். போச்சு. லோடு ஏற்ற முடியாது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, எதையும் சொல்லவில்லை, அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. எது முடியும் எது முடியாது என்று முழுசாகச் சொல்லக் கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் 4,20,000-க்கு முடித்துக்கொண்டோம். கேட்டது ஒன்பது லட்சம். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் மேல்முறையீடு கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது, அதனால் பணம் சீக்கிரம் வந்தது. எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு இருக்கிறது. பணத்தை என் பேரில் வரவு வைக்கச் சொல்லிக் கேட்டோம், முடியாது, அடிபட்டவர் வங்கிக் கணக்குக்கே போகும் என்றார்கள். அதனால் தம்பி பேரில் கணக்கு இல்லையென்றால் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

முப்பது பர்சென்ட் ஆளை விட்டுவிடுங்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு எந்த ஊரில் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்றே இன்னும் தெரியாது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அக்கா சொன்ன குறுக்கு விசாரணை விஷயம் லட்சம் பெறும். அதையொட்டி ஒன்று.

டைல்ஸ்காரர் எப்படி வேலை செய்வார்? நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தபடி, மட்டக்கோலை வைத்துப் பார்த்து, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டிப் பின்னாலேயே நகர்ந்து போவார். முழங்கால் முழுசாக மடங்காவிட்டால் அந்தத் தொழிலே இல்லை. ஆனால் மெடிக்கல் போர்டு 20 அல்லது 25 சதவீதம் என்று ஒரு எண்ணைத்தான் எழுதும். அந்த எண்ணை அப்படியே வைத்து ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ஆயிரம் என்று பெருக்கிவிட்டால் கதை முடிந்தது. ஐந்தாயிரம் என்று வைத்தாலும் 25 சதவீதத்துக்கு 1,25,000.

அதுவே சம்பாதிக்கும் திறன் குறைந்தது என்று காட்டினால் கணக்கே வேறு. மாத வருமானம் 15,000 என்று வைப்போம். நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருஷத்துக்கு 2,52,000. அதை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்து ஒரு பெருக்கு எண் உண்டு, 29 வயதுக்கு அது 17, ஆக 42,84,000. அதில் 25 சதவீதம் 10,71,000. பெருக்கு எண் 2009 சரளா வர்மா தீர்ப்பிலிருந்து வருகிறது, 40 சதவீதம் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்து. இது இப்படியே கிடைக்கும் என்று சொல்லவில்லை, எந்தக் கணக்கில் போகிறார்கள் என்பதில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காட்டத்தான் எழுதினேன். உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் இதை அழகாகச் சொல்லியிருக்கிறது: இடது கை போனவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் சம்பாத்தியம் கிட்டத்தட்ட முழுசும் போயிற்று, அதே கை போனவர் அரசு அலுவலக கிளார்க்காக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம்.

அதனால் அவர் டைல்ஸ்காரர் என்பதற்கே ஆதாரம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? மேஸ்திரி கூலி போட்ட ஜிபே வரவுகள்? வேலை செய்த வீட்டுக்காரர் யாராவது சாட்சி சொல்வாரா? அப்புறம், கூட இருந்து பார்த்துக்கொண்டது அம்மாவாகவே இருந்தாலும் உதவியாளர் செலவு கேட்கலாம். ராடை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றால் எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஹெல்பர் பையனும் தன் பங்குக்குத் தனியாக மனு போடலாம்.

யாராவது ‘மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில் போனால் யார் தப்பு என்றே பார்க்காமல் இரண்டரை லட்சம் கிடைக்கும்’ என்பார்கள். கிடைக்கும், கொடுங்காயத்துக்கு அதுதான் தொகை. ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166 மனு காலாவதி. பில்லே 1,85,000 ஆன பிறகு அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

வக்கீல் ஃபீஸ்: வழக்கில் வருவதில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. கையில் காசில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமான வரம்புக்குள் வந்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி.

ஏ.ஆர். காப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ‘அழைத்து வந்தவர்’ கட்டத்தில் கார்காரர் பெயரும் அவர் போன் நம்பரும் அப்படியே இருக்கிறது, அவர் கையெழுத்தோடு! நேற்று இந்தத் தாளைப் பார்த்துத்தான் அழுதேன், இந்தக் கட்டத்தை யார் பார்த்தது. தானாக விழுந்தவனைக் காரில் தூக்கி வந்து, சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்து, இருபதாயிரமும் கொடுத்தாரா என்று கேட்கலாம் இல்லையா?

ஆப்பில் பார்த்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது, இன்னும் ஐந்து மாதம் ஓடும். ஆனால் வண்டி வேறொருவர் பேரில் இருக்கிறது. ஓ.டி. அண்ணன் சொன்ன மாதிரி லைசென்ஸ்தான் பிரச்சினையோ என்னவோ.

பைக் மெக்கானிக்கிடம்தான் கிடந்தது. ஓடினேன். நல்லவேளை ஃபோர்க் வரவில்லை என்று தொடாமல் வைத்திருந்தார். வலதுபக்க லெக் கார்டு உள்ளே மடங்கியிருக்கிறது, அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. எங்கள் பைக் கறுப்பு. தரையில் உரசின கோடு ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுத்துவிட்டேன்.

லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனி கைவிரித்துவிடுமா? வாரிய அட்டை இருக்கிறது, ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறான்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

கையெழுத்தோடா? அந்தத் தாளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து அசலைப் பீரோவில் வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கம்பெனி முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவாகும், அது அவர்கள் இரண்டு பேர் பாடு. மனுவில் முதல் எதிர்மனுதாரர் ஆர்.சி.-யில் பேர் உள்ளவர், அடுத்தது கம்பெனி. வாரிய அட்டை பழையதானாலும் பரவாயில்லை, தொழில் என்ன என்று அதில் இருக்கிறதே.

ஹெல்பர் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள், அவர்தான் கண்ணால் பார்த்தவர். பைக்கை மெக்கானிக் கடையிலிருந்து ஓட்டியோ தள்ளியோ எடுக்காதீர்கள், குட்டியானை பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள், அந்தப் பெயிண்டில் ஒரு துணியைப் போட்டுக் கட்டுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

வியாழக்கிழமை காலை போகிறோம். குட்டியானை சொல்லியாயிற்று. மாமாவும் கூட வருகிறேன் என்கிறார், வரட்டும், ஆனால் பேனாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.